ஏழாம் பொருத்தக் காதல் கதைகள்: எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலைக் காட்சிக்கு அக்காவுடன் போயிருந்தேன். காதல் நகைச்சுவைப் படம். அவன் சட்டைகளை நிறவாரியாக அடுக்கி வைப்பவன். அவள் வண்டிச் சாவியை ஃப்ரிட்ஜுக்குள் வைத்துவிட்டு வீடெல்லாம் தேடுபவள். இடைவேளை வரை அரங்கம் சிரித்தது, நானும் சிரித்தேன். இடைவேளைக்குப் பிறகு சாவி தொலையவில்லை, சட்டை கலையவில்லை. இருவரும் ஆளுக்கொரு ஊரில் மழையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். எனக்கு முன்வரிசையில் இருந்தவர் கைபேசியை எடுத்துக் கிரிக்கெட் ஸ்கோர் பார்க்கத் தொடங்கினார். அவரைக் குறை சொல்ல மனம் வரவில்லை. நானும் எட்டிப் பார்த்துக்கொண்டேன்.

வெளியே வரும்போது அக்கா கேட்டார்: "முதல் பாதியில் இருந்த அந்த இரண்டு பேரும் எங்கே போனார்கள்?"

படத்தின் நோய் அந்த ஒரு கேள்வியில் அடங்கிவிட்டது. குறும்படமோ முழுநீளப் படமோ எடுக்க ஆசைப்படும் இளைஞர்கள் சிலர் தங்கள் திரைக்கதையை என்னிடம் படிக்கக் கொடுப்பதுண்டு. அவற்றில் பாதிக்கு மேல் இந்த ஏழாம் பொருத்தக் கதைகள்தாம். ஒத்துப்போகாத இருவர், முட்டல் மோதல், கடைசியில் காதல். சுலபமாகத் தெரிகிறது என்பதால் கையில் எடுக்கிறார்கள். பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் சறுக்குகிறார்கள். இந்த வகைப் படத்துக்குப் பொருத்தமின்மைதான் அரிசி. அதை முதல் பந்தியிலேயே பரிமாறித் தீர்த்துவிட்டு, இரண்டாம் பந்திக்கு ஊறுகாயை மட்டும் வைத்துக்கொண்டு நிற்கிறார்கள்.

பழக்கத்தை முரண் என்று நினைப்பது

ஜாதகம் பார்ப்பவர்கூட தினம், கணம், ரஜ்ஜு என்று பத்துப் பொருத்தத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டுத்தான் வாய் திறக்கிறார். பொருத்தம் இல்லாத கதை எழுதுகிறவர் ஒன்றைப் பார்த்ததும் எழுந்துவிடுகிறார். அவன் ஒழுங்கு, அவள் அலட்சியம். அவன் சைவம், அவள் மீன் இல்லாமல் சாப்பிடமாட்டாள். அவன் கணினி, அவள் கவிதை. இவையெல்லாம் பழக்கங்கள். பழக்கத்தை வைத்து இரண்டு காட்சி சிரிக்க வைக்கலாம். மூன்றாவது காட்சியில் அதே சிரிப்புக்கு அதே பழக்கத்தைக் கொஞ்சம் பெரிதாக்க வேண்டியிருக்கும். நான்காவதில் பாத்திரம் கேலிச்சித்திரமாகிவிடும்.

முரண் இருக்க வேண்டிய இடம் ஆசை. ஒருவருக்கு வேண்டியது கிடைத்தால் மற்றவருக்கு வேண்டியது கிடைக்காமல் போக வேண்டும், அதிலும் இருவர் பக்கமும் நியாயம் இருக்க வேண்டும்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். தம்பி ஒருவர் கொண்டுவந்த திரைக்கதையில் நாயகன் கல்யாணச் சமையல் ஒப்பந்தக்காரரிடம் மேற்பார்வையாளர். நாயகி கல்யாணப் புகைப்படக்காரர். முதல் ஆறு பக்கமும் அறிமுகம். அவன் கரண்டிகளை அளவுவாரியாகத் தொங்கவிடுகிறான். அவள் லென்ஸ் மூடியை எங்கோ மறந்து வைக்கிறாள். மறுபடியும் அதே சட்டையும் சாவியும்தான். ஏழாம் பக்கத்தில் இருவரும் ஒரு காபிக் கடையில் மோதிக்கொள்கிறார்கள். அதற்குப் பிறகு இருவருடைய தொழிலும் கதைக்குள் எட்டிப் பார்க்கவே இல்லை.

நான் அவரிடம் ஒன்றுதான் கேட்டேன். இவர்கள் இருவருக்கும் ஒரே மண்டபத்தில் வேலை. தாலி கட்டி முடிந்தாயிற்று. அடுத்த அரைமணி நேரத்தில் என்ன நடக்கும்? அவருடைய மாமாவே சமையல் ஒப்பந்தக்காரர் என்பதால் யோசிக்காமல் சொன்னார். கீழே இலை போட்டுவிடுவார்கள். மேலே படம் எடுப்பதற்காகச் சம்பந்தி வீட்டாரை மேடையில் நிறுத்தி வைத்திருப்பார்கள். சாதம் ஆறும். ஆறிய சாதத்தில் சாம்பார் ஊற்றினார்கள் என்று மாப்பிள்ளையின் பெரியப்பா சொல்லிவிட்டால், சமையல்காரருக்கு வரவேண்டிய மீதிப் பணம் இழுபறிதான். அதே பெரியப்பாவின் குடும்பம் ஆல்பத்தில் இல்லை என்றால் புகைப்படக்காரருக்கும் மீதிப் பணம் இழுபறிதான்.

இதுதானே படம்! பெரியப்பா ஒருவர். அவரை இலைக்கு முன்னால் உட்கார வைக்க வேண்டும் என்று ஒருவன், மேடையில் நிறுத்த வேண்டும் என்று ஒருத்தி. இருவர் மேலும் தப்பில்லை. வைகாசி முகூர்த்தங்கள் முழுக்க இதே சண்டையை வெவ்வேறு மண்டபங்களில் வைக்கலாம், ஒருமுறைகூட அலுக்காது. இதைக் கையில் வைத்துக்கொண்டா காபிக் கடையில் மோத விட்டீர்கள் என்று கேட்டேன். காபிக் கடையில் வெளிச்சம் நன்றாக இருந்தது என்றார்.

எழுந்து போகாமல் ஏன் இருக்கிறார்கள்?

ஒருவரை ஒருவர் பிடிக்கவில்லை என்றால் சாதாரண மனிதர்கள் செய்வது அந்த இடத்தை விட்டுப் போவது. கதையில் அப்படிப் போகவிடாமல் கட்டிப்போடும் கயிறு ஒன்று வேண்டும். இந்தக் கயிற்றைத்தான் இன்றைய படங்கள் மறந்துவிடுகின்றன. ஒரே அலுவலகம், எதிர் எதிர் அடுக்ககம், பொதுவான நண்பர் என்று வைப்பார்கள். அலுவலகத்தை மாற்றிக்கொள்ளலாம், கதவைச் சாத்திக்கொள்ளலாம், நண்பருக்குப் பிறந்தநாள் வாழ்த்து மட்டும் அனுப்பலாம். சண்டைக்கு வலு இல்லாமல் போவது இதனால்தான்.

ஃபிராங்க் காப்ரா இயக்கி 1934இல் வந்த 'இட் ஹேப்பண்ட் ஒன் நைட்' இந்த வகைக்கே ஆதிப்படம் மாதிரி. சிறந்த படம், இயக்கம், நடிகர், நடிகை, திரைக்கதை என்று ஐந்து பெரிய ஆஸ்கர் விருதுகளையும் அள்ளிச் சென்றது. அதில் கயிறு எப்படி முடிச்சுப் போடப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். பணக்காரப் பெண் ஒருத்தி அப்பாவின் கப்பலில் இருந்து குதித்துத் தப்பி, மியாமியில் இருந்து நியூயார்க்குக்குப் பஸ் ஏறுகிறாள். தனியாகப் பஸ்ஸில் போய்ப் பழக்கமில்லை. வழியில் பெட்டி திருடு போகிறது. கூட வருபவன் வேலை போன பத்திரிகையாளன். அவளுக்கு யாரிடமும் சிக்காமல் ஊர் போய்ச் சேர வேண்டும். அவனுக்கு அவளுடைய கதை வேண்டும்; கிடைத்தால் வேலை திரும்பக் கிடைக்கும். அவள் அவனை விட்டுப் போனால் அப்பாவிடம் மாட்டிக்கொள்வாள், அவன் அவளை விட்டால் செய்தி போய்விடும். இருவர் கையிலும் காசும் அதிகம் இல்லை. இனி இவர்களுக்குப் பிடிக்காவிட்டாலும் ஒரே அறையில்தான் தங்கியாக வேண்டும். அறைக்கு நடுவில் கயிறு கட்டிப் போர்வையைத் தொங்கவிடுகிறார்கள். கயிறு என்று நான் சொன்னதைப் படத்திலேயே கண்ணுக்குக் காட்டிவிட்டார்கள்.

நம் பக்கத்தில் 1955இல் வந்த 'மிஸ்ஸியம்மா'வின் முடிச்சு இன்னும் இறுக்கமானது. பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் வேலைக்குக் கணவன் மனைவியாக இருப்பவர்கள் வேண்டும் என்று விளம்பரம். வேலை இல்லாத பாலுவும் வேலை இல்லாத மேரியும் தம்பதியாக நடித்து அந்த வேலையில் சேர்கிறார்கள். அவன் இந்து, அவள் கிறிஸ்தவப் பெண். டேவிட் என்பவனுக்கு அடைக்க வேண்டிய கடன் அவளை விரட்டுகிறது. அடைக்காவிட்டால் அவனைக் கட்டிக்கொள்ள நேரும். ஆகவே ஊருக்கு முன்னால் சிரிக்க வேண்டும், கதவைச் சாத்தியதும் சண்டை போட வேண்டும். ஜெமினி கணேசனும் சாவித்திரியும் அந்த இரண்டு முகங்களுக்கும் இடையில் மாறி மாறிப் போய்வருவதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். சம்பளம் என்ற ஒன்று இருக்கிற வரைக்கும் அந்தக் கயிறு அறாது.

கயிறு பெரிதாக இருக்க வேண்டும் என்பதும் இல்லை. 'பம்மல் கே. சம்பந்தம்' (2002) படத்தில் கல்யாணமே வேண்டாம் என்கிற சண்டைப் பயிற்சிக்காரனுக்கு அறுவைச் சிகிச்சை செய்யும் டாக்டர், தன் கைக்கடிகாரத்தை அவன் வயிற்றுக்குள் விட்டுவிடுகிறாள். பிடிக்காத ஆள்தான், ஆனால் அவனை மறுபடியும் மேசையில் படுக்க வைத்தே தீர வேண்டும். இயக்கிய மௌலியும் வசனம் எழுதிய கிரேசி மோகனும் கயிற்றை வயிற்றுக்குள்ளேயே வைத்துத் தைத்துவிட்டார்கள்.

இப்போது எழுதுகிறவர்கள் இதற்கெல்லாம் காலம் மாறிவிட்டது என்று சாக்குச் சொல்கிறார்கள். மாறவில்லை. கல்யாணம் ஆகாதவர்களுக்கு வீடு தர மாட்டோம் என்கிற வீட்டுக்காரர்கள் இன்றும் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். முன்பணம், கல்விக் கடன், பங்காளிச் சொத்து, பாட்டியைப் பார்த்துக்கொள்ளும் முறை என்று நம் வாழ்க்கை முழுக்கக் கயிறுதான்.

ஒருவரை மட்டும் திருத்துவது

எனக்கு அதிகம் கோபம் வருவது இந்தத் தவறில்தான்.

பழைய நோய் இது. ஷேக்ஸ்பியர் 1590களில் எழுதிய அடங்காப்பிடாரியை அடக்கும் நாடகம் உலகம் முழுக்கப் பிள்ளை பெற்றிருக்கிறது. தமிழில் சிவாஜியும் பானுமதியும் நடித்த 'அறிவாளி' (1963) அந்த வழியில் வந்ததுதான். திமிர் பிடித்த பணக்காரப் பெண்ணை ஏழை வீரன் அடக்குவது அப்புறம் எண்பதுகள், தொண்ணூறுகள் முழுக்க நம் வாய்பாடாகவே ஆகிவிட்டது. அவள் அரைப்படம் வரை ஆங்கிலம் பேசுவாள், பிறகு சேலை கட்டிக் காபி கொண்டுவருவாள். அவன் முதல் காட்சியில் எப்படி இருந்தானோ கடைசிக் காட்சியிலும் அப்படியே இருப்பான், மீசைகூட மாறியிருக்காது. இரண்டு பேர் முட்டிக்கொண்டதாகச் சொல்கிறார்கள், ஆனால் வீக்கம் ஒருவர் நெற்றியில் மட்டும்தான்.

'அறிவாளி'யில் இருந்து இன்றும் எல்லோரும் நினைவில் வைத்திருப்பது அடக்குகிற கதையை அல்ல என்பதையும் பார்க்க வேண்டும். தங்கவேலுவும் முத்துலட்சுமியும் வரும் பூரிக் காட்சியைத்தான். மனைவிக்குப் பூரி செய்யத் தெரியாது. கணவர் ஒவ்வொரு படியாகச் சொல்லிக்கொடுக்கிறார். ஒவ்வொன்றுக்கும் "அதுதான் எனக்குத் தெரியுமே" என்கிறார் மனைவி. சொல்லிவிட்டு அடுத்தது என்ன என்று கேட்கிறார். சொல்லிக்கொடுக்கிறவருக்குப் பொறுமை தேய்கிறது, கேட்கிறவருக்கு வீம்பு ஏறுகிறது. அந்தச் சில நிமிடங்களில் யாரும் யாரையும் அடக்கவில்லை. இருவரும் சம வலுவோடு நிற்கிறார்கள், அதனால்தான் சிரிப்பு வருகிறது. படத்தின் மையக் கதையில் இல்லாத சமம் பக்கக் கதையில் கிடைத்திருக்கிறது.

எழுதும்போது ஒரு தாளை நடுவில் மடித்து இரண்டு பக்கமும் குறித்துப் பாருங்கள். இவர் இந்தக் காதலுக்காக எதை இழந்தார், அவர் எதை இழந்தார்? ஒரு பக்கம் வெறுமையாக இருந்தால் அது தண்டனைக் கதை. ஹாவர்ட் ஹாக்ஸின் 'பிரிங்கிங் அப் பேபி'யில் (1938) நாயகன் தொல்லுயிர் ஆய்வாளன்; நான்கு வருடம் உழைத்து ஒரு டைனோசர் எலும்புக்கூட்டைக் கட்டி நிறுத்துகிறான், இன்னும் ஒரே ஓர் எலும்புதான் பாக்கி. படம் முழுக்க அவனைச் சிறுத்தையோடும் நாயோடும் அலைய வைக்கிற பெண், கடைசியில் அவனைப் பார்க்க ஏணியில் ஏறி, அந்த எலும்புக்கூட்டையே சரித்துவிடுகிறாள். நான்கு வருட உழைப்பு தரையில் கிடக்கிறது, அவள் அவன் கையைப் பிடித்துத் தொங்குகிறாள். அவன் பக்கத்தில் என்ன எழுதுவது என்று நாம் தேட வேண்டியதே இல்லை.

அந்தப் படம் வெளியானபோது நஷ்டம்தான். நாயகி காதரின் ஹெப்பர்ன் அதே ஆண்டு, வசூலுக்கு விஷம் என்று திரையரங்கு உரிமையாளர்கள் விளம்பரம் கொடுத்துத் திட்டிய நடிகர்கள் பட்டியலில் இருந்தார். பல ஆண்டுகள் கழித்து ஹாக்ஸ் தன் தவறாகச் சொன்னது ஒன்றைத்தான்: படத்தில் சாதாரண ஆள் ஒருவர்கூட இல்லை, எல்லோருமே கிறுக்கர்கள். இன்று அதைக் காவியம் என்று கொண்டாடுகிறோம், ஆனாலும் அவர் சொன்னதைப் பாடமாக எடுத்துக்கொள்ளலாம். இருவரும் விசித்திரமாக இருந்தால் அவர்களைப் பார்த்து விழிப்பதற்குச் சுற்றிலும் சாதாரண மனிதர்கள் வேண்டும். வீட்டுக்காரர், பால்காரர், எதிர்வீட்டு மாமி யாராவது. கல்யாண மண்டபத்துக் கதையில் அந்தப் பெரியப்பா போதும்.

இன்னொன்று. வேண்டாம் என்று சொன்ன பெண்ணை விடாமல் பின்தொடர்வதை மோதல் என்று எழுதிக் கொண்டுவருகிறவர்களிடம் நான் திரைக்கதை பேசுவதில்லை, தாளைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன்.

சிரிப்பை நண்பனிடம் குத்தகைக்கு விடுவது

நாயகனும் நாயகியும் அழகாக இருப்பார்கள், சிரிப்பு வந்தால் முகம் கோணிவிடும் என்று நினைத்தோ என்னவோ, நகைச்சுவை முழுவதையும் நண்பன் பாத்திரத்திடம் ஒப்படைத்துவிடுகிறார்கள். அவனுக்கு வீடு இல்லை, வேலை இல்லை, ஆசை இல்லை. நாயகன் பேசி முடித்ததும் ஒரு வரி சொல்வதற்காகவே பிறந்தவன். தனி நகைச்சுவைத் தடம் என்று ஒரு காலத்தில் இருந்தது, அதாவது தன் கதையாவது அதற்கு இருந்தது. இது அதுவும் இல்லை.

ஸ்ரீதரின் 'காதலிக்க நேரமில்லை' (1964) படத்தை எத்தனை முறை பார்த்திருப்போம். நாகேஷின் செல்லப்பா சும்மா சிரிக்க வைக்க வந்தவன் அல்ல. அவனுக்குப் படம் எடுக்க வேண்டும், ஓஹோ புரொடக்ஷன்ஸ் என்று பெயர்கூட வைத்தாயிற்று. அப்பாவிடம் பணம் கறக்க வேண்டும். அப்பாவாக வரும் பாலையாவுக்குப் பணத்தின் மேல் ஆசை, அந்த ஆசையின் மேல்தான் காதலர்களின் பொய்யும் ஏறி நிற்கிறது. முத்துராமன் பணக்காரக் கிழவர் வேடம் போட்டு வந்து நிற்பதும் அதே ஆசையை நம்பித்தான். செல்லப்பா அப்பாவுக்குப் பேய்க் கதை சொல்கிற காட்சியைத் தனியாக வெட்டி எடுத்துப் பார்த்தாலும் சிரிக்கிறோம், படத்துக்குள் வைத்துப் பார்த்தாலும் அது அந்நியமாக இல்லை. எல்லோரும் ஒரே மனிதரின் பெட்டிச் சாவிக்குத்தான் சுற்றுகிறார்கள். அதில் ஒருவன் காதலால் சுற்றுகிறான், ஒருவன் சினிமாவால் சுற்றுகிறான்.

ஒரு போன் செய்தால் தீர்ந்துவிடும் பிரிவு

இடைவேளைக்குப் பிறகு பிரிய வேண்டும் என்பது எழுதப்படாத சட்டமாகிவிட்டது. பிரிப்பதற்குக் காரணம் தேடிக் களைத்துப்போய், அவள் அவனை வேறொரு பெண்ணுடன் பார்த்துவிட்டாள் என்று எழுதுகிறார்கள். அந்தப் பெண் அவனுடைய அத்தை மகளாக இருப்பாள். அரங்கத்தில் இருக்கிற அத்தனை பேருக்கும் அது தெரியும், அவளுக்கு மட்டும் முக்கால் மணி நேரம் தெரியாது. போன் கையிலேயே இருக்கும், பேட்டரியும் இருக்கும்.

தவறான புரிதல் கதையில் இருக்கலாம். ஆனால் அது அந்த மனிதனின் குணத்தில் இருந்து முளைத்திருக்க வேண்டும். காப்ராவின் படத்துக்கே திரும்புகிறேன். கடைசி இரவில் அவளைக் காதலிப்பதை உணர்ந்த நாயகன், கையில் காசில்லாமல் ஒரு பெண்ணிடம் கல்யாணம் பேசுவதா என்று நினைத்து, அவள் தூங்கும்போதே கிளம்பிப் போய்க் கதையை விற்று ஆயிரம் டாலர் வாங்குகிறான். அவன் திரும்புவதற்குள் விடுதிக்காரி அவளை எழுப்பி வெளியேற்றிவிடுகிறாள். விட்டுவிட்டு ஓடிவிட்டான் என்று நினைத்து அவள் அப்பாவுக்குப் போன் செய்கிறாள். தப்பாகப் புரிந்துகொண்டது உண்மைதான், ஆனால் அவனுடைய வறட்டு ரோஷம் இல்லாவிட்டால் அது நடந்தே இருக்காது.

அந்த முடிச்சு அவிழ்கிற விதம் இன்னும் அழகு. மகளைக் கண்டுபிடித்துத் தருவோருக்குப் பத்தாயிரம் டாலர் என்று அப்பா அறிவித்திருக்கிறார். நாயகன் வந்து உட்கார்ந்து, பயணத்தில் தான் செலவழித்த 39 டாலர் 60 சென்ட் மட்டும் வேண்டும் என்று கணக்கைக் காட்டுகிறான். அதற்கு மேல் ஒரு காசு வாங்கமாட்டான். அவன் காதலிக்கிறான் என்று அப்பாவுக்குத் தெரிந்துவிடுகிறது. அவனைப் பிரித்த ரோஷமே அவனைச் சேர்த்தும் வைக்கிறது. மழையும் வயலினும் இல்லாமல், ஒரு செலவுக் கணக்கை வைத்து உச்சக் காட்சி எழுதியிருக்கிறார்கள். மளிகைக் கடைக் கணக்கு எழுதிப் பழகிய நமக்கு இது வந்திருக்க வேண்டிய யோசனை.

அதே படத்தில் இளைத்த இடமும் உண்டு. நாயகி அப்பாவின் பேச்சை மீறி முதலிலேயே மணந்துகொண்டு, கடைசியில் ஊரறிய மறுபடியும் மணக்கப்போகிற ஆள் ஆட்டோஜைரோ என்ற பறக்கும் வண்டியில் கல்யாணத்துக்கு வந்து இறங்கும் வெற்றுப் பகட்டுக்காரன். அவனை விட்டு ஓட யாரும் யோசிக்க வேண்டியதில்லை. போட்டியாளனை மட்டமாக வைத்தால் தேர்வுக்கே வேலை இல்லாமல் போகிறது. நம் படங்களில் அமெரிக்க மாப்பிள்ளை எத்தனை முறை இதற்குப் பலியாகியிருக்கிறார்!

முரணைக் கழுவித் துடைத்துவிடுவது

'மிஸ்ஸியம்மா' எனக்கு மிகவும் பிடித்த படம். அதனால்தான் இதைச் சொல்கிறேன். இந்து ஆணும் கிறிஸ்தவப் பெண்ணும் எப்படிச் சேர்வார்கள் என்று இரண்டே முக்கால் மணி நேரம் நம்மைக் காத்திருக்க வைத்த படம், கடைசியில் மேரி அந்தப் பள்ளிக்கூடத்தை நடத்துகிறவரின், சிறுவயதில் தொலைந்துபோன மகள்தான் என்று சொல்லிவிடுகிறது. ஆக அவள் பிறப்பால் இந்து. பிரச்சினை தீர்ந்தது, அதாவது பிரச்சினையே இருக்கவில்லை. அந்தக் காலத்துக்கு அது தேவைப்பட்டிருக்கும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். படத்தின் சிரிப்பில் எழுபது ஆண்டுகளாகத் துருப்பிடிக்கவில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் ஆற்றைக் கடப்பார்கள் என்று கரையில் உட்கார்ந்திருந்தவனிடம் ஆறு வற்றிவிட்டது என்று சொன்ன மாதிரி இருக்கிறது.

இன்றைய படங்கள் இதையே வேறு வேடத்தில் செய்கின்றன. ஏழை நாயகனுக்குக் கடைசியில் வேலையும் பணமும் கிடைத்துவிடும். பிடிவாதக்கார அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்து மனம் மாறிவிடும். கடப்பதற்கு எதுவும் மிச்சம் இருக்காது.

பாட்டைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். வெறுப்பு விருப்பமாக மாறுகிற அந்த நுட்பமான நேரத்தை எழுதத் தெரியாமல், நான்கு நிமிடப் பாட்டுக்குள் ஐஸ்கிரீம், மழை, மோட்டார் சைக்கிள் என்று தள்ளிவிடுகிறார்கள். பாட்டு முடிந்தால் காதல் வந்திருக்கும். எப்போது வந்தது என்று நமக்கும் தெரியாது, அவர்களுக்கும் தெரியாது. அதே 'மிஸ்ஸியம்மா'வில் வரும் 'வாராயோ வெண்ணிலாவே'யைக் கேளுங்கள். ஏ.எம். ராஜாவும் பி. லீலாவும் பாடுவது காதல் பாட்டு மாதிரி ஒலிக்கிறது. சொல்லைக் கேட்டால் ஒருவர் மேல் ஒருவர் நிலவிடம் புகார் வைக்கிறார்கள். மெட்டு ஒன்று சொல்கிறது, சொல் இன்னொன்று சொல்கிறது. காதல் வந்துகொண்டிருக்கிறது என்பது அந்த இடைவெளியில் தெரிகிறது. தஞ்சை ராமையாதாஸ் சண்டையை நிறுத்தாமலே பாட்டு எழுதிவிட்டார்.

கடைசிக் காட்சிப் பேச்சு

விமான நிலையம், ரயில் நிலையம், கல்யாண மேடை. அவன் ஓடி வருகிறான், மூச்சு வாங்குகிறது, நீ இல்லாமல் நான் இல்லை என்கிறான். எந்தப் படத்தின் நாயகனும் எந்தப் படத்தின் நாயகியிடமும் இதைச் சொல்லலாம் என்பதுதான் இதில் உள்ள கோளாறு. 'வென் ஹாரி மெட் சாலி' (1989) படத்தில் புத்தாண்டு இரவில் ஓடி வருகிற ஹாரி சொல்வது வேறு எவளுக்கும் பொருந்தாது. வெளியே நம் கணக்கில் சுமார் 22 டிகிரி இருக்கும்போதே குளிர்கிறது என்பவள், ஒரு சாண்ட்விச் வாங்க ஒன்றரை மணி நேரம் எடுப்பவள் என்று அவளுடைய தொல்லைகளையே வரிசையாக அடுக்குகிறான். முதலில் எரிச்சல் தந்தவைதான், இப்போது காரணங்களாகத் திரும்பி வருகின்றன. நோரா எஃப்ரான் முதலில் எழுதியபோது இருவரும் சேர்வதாகவே இல்லை. முடிவு பிறகுதான் மாறியது. சேராமலும் போகலாம் என்ற சாத்தியம் கதைக்குள் கடைசி வரை இருந்ததால்தானோ என்னவோ, சேர்ந்தபோது நம்ப முடிகிறது.

சமையல் மண்டபத் தம்பி போன மாதம் மறுபடியும் வந்தார். காபிக் கடை போய்விட்டது. பதினோரு கல்யாணங்கள் எழுதியிருந்தார். பெரியப்பாக்கள் நான்கு பேர். கடைசிக் கல்யாணத்தில் கூட்டம் எல்லாம் போன பிறகு, கடைசிப் பந்தி முடிந்து இலை எடுத்த மேசையில் அவள் கேமராப் பையை வைத்துவிட்டு உட்கார்கிறாள். அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. அவன் ஓர் இலையைப் போட்டுச் சூடான சாதத்தை வைக்கிறான். அப்பளம் எப்போதோ தீர்ந்துவிட்டது. ஆனால் பாத்திரத்துக்கு அடியில் ஒன்றை மறைத்து வைத்திருக்கிறான், அதுவும் பாதி உடைந்தது. அவள் அதைப் படம் எடுக்கிறாள். சாதம் ஆறுகிறது என்கிறான் அவன்.

அந்த வசனம் போதும், அதற்குப் பிறகு வருகிற ஒன்றரைப் பக்கப் பேச்சை அடித்துவிடுங்கள் என்றேன். அந்தப் பேச்சை எழுத மூன்று நாள் ஆயிற்று என்றார். இன்னும் அடிக்கவில்லை என்று கேள்வி.